செங்கடலில் போர், திருப்பூரில் கவலை



கோவை வட்டார ஆலைகளில் நூற்ற நூல் திருப்பூரில் பனியனாகிறது. அட்டைப் பெட்டிகளில் அடுக்கித் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு லாரியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்ததென எண்ணுகிறோம். ஆனால் அப்பெட்டி ஐரோப்பாவை அடைவதற்கான குறுக்கு வழி, செங்கடலும் சூயஸ் கால்வாயுமே. அங்கே போர் மூண்டால், இங்கே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் சகோதரியின் வாரக் கூலி குறைகிறது. சட்டம் நமக்குத் துணை நிற்குமா? சற்றே சிந்திப்போம்.

காஸாவில் போர் தொடங்கியபின், 2023 நவம்பர் 19 அன்று, இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த 'கேலக்ஸி லீடர்' கப்பலை எமனின் ஹூத்திப் படையினர் கைப்பற்றினர். தாக்குதல்கள் தொடர்ந்தன. பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தலைப்பட்டன. பயணம் பத்து முதல் பதினான்கு நாள்கள் நீண்டது. கட்டணமும் பல மடங்கு உயர்ந்தது.

போருக்கும் சட்டம் உண்டு

நடுநிலை நாட்டுக் கப்பலிலுள்ள சரக்கை, அது தடைசெய்யப்பட்ட போர்ச்சரக்காக இல்லாதவரை, கைப்பற்றலாகாது என்பது 1856-ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டனை நம் பாட்டிமாரும் அறிவர். அந்த எம்டன்கூட, வங்கக் கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டது. செங்கடல் தாக்குதல்களை உடனே நிறுத்துமாறு ஐ.நா. பாதுகாப்பு மன்றமும் 2024 ஜனவரி 10 அன்று தீர்மானம் இயற்றியது.

ஆயினும் இச்சட்டங்கள் கப்பலையும் உயிரையும் சரக்கையும் காக்கவே முனைகின்றன. வீணாகும் நாள்களுக்கு யார் ஈடு தருவார்?

தாமதத்திற்கு ஈடு இல்லை

வழக்கமான சரக்குக் காப்பீடு, போரினால் நேரும் இழப்பை ஏற்பதில்லை. தனிக் கட்டணம் செலுத்திப் போர் இடர்க் காப்பீடு பெற்றாலும், சரக்கு எரிந்தால், மூழ்கினால் ஈடு கிடைக்கும். தாமத நட்டத்திற்குக் கிடைக்காது. கோடைக்காலத்திற்கெனத் தைத்த ஆடை கோடை கழிந்து சேர்ந்தால், வாங்குபவர் விலையைக் குறைப்பார். வங்கியின் பேக்கிங் கிரெடிட்டுக்கோ வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும்.

"போர் வந்ததால் ஒப்பந்தம் முறிந்தது" எனலாமா? 1956-இல் சூயஸ் கால்வாய் அடைபட்டபோது, சூடான் வேர்க்கடலையை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அனுப்ப ஒப்பியிருந்த வணிகர் அவ்வாறே வாதிட்டார். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1961-இல் அதை ஏற்க மறுத்தது. நன்னம்பிக்கை முனை வழி திறந்தே இருந்தது. செலவு கூடியதால் மட்டும் ஒப்பந்தம் அழியாது என்று தீர்ப்பளித்தது. நமது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும் இயலாமையையே மன்னிக்கிறது, செலவு கூடுவதையன்று.

ஆகவே, ஏற்றுமதியில் ஈடுபட்டுள்ள சகோதரர்களே! கையொப்பமிடும் முன்பே கேளுங்கள்: கப்பல் கட்டணம் யாருடையது? எஃப்.ஓ.பி. என்றால் வாங்குபவருடையது, சி.ஐ.எஃப். என்றால் உங்களுடையது. போரினால் கப்பல் சுற்றிச் சென்றால் கூடுதல் செலவை யார் ஏற்பது? எத்தனை நாள் தாமதம் பொறுக்கப்படும்? விடைகளை எழுத்தில் பெறுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது அல்லவா? போரை நிறுத்தும் ஆற்றல் நம் கையில் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும் பேனா நம் கையில்தான் இருக்கிறது.