அயல்நாட்டு விமானி: ஒரு வர்க்க நோக்கு

உயர்ந்த ஊதியம் பெறும் விமானியைத் தொழிலாளியென நாம் எளிதிற் கருதுவதில்லை. ஆயின், பிறநாட்டு நிறுவனமொன்றிற் பணியாற்றும் விமானியின் நிலை ஆழ்ந்து நோக்கற்பாலது. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரைப்படி, சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானம் பதிவுசெய்யப்பட்ட நாடே அதன் விமானிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவோ, அவரிடமுள்ளதைச் செல்லுபடியாக்கவோ வேண்டும். எனவே, அவரது தொழிலுரிமை அந்நாட்டின் ஏற்பிலேயே தங்கியுள்ளது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அத்தகையோரின் வதிவிட விசாவும் பெரும்பாலும் வேலையையே சார்ந்தது. தொழிற்சங்கத்துக்கோ வேலைநிறுத்தத்துக்கோ அங்கு இடமில்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வான்போக்குவரத்தை முடக்கியபோது, வளைகுடா நிறுவனங்களின் விமானிகள் பலர் வேலையிழந்து நாடு திரும்பினர். கூட்டுப்பேரம் பேசும் பலமில்லாதவிடத்து ஊதியவுயர்வு பாதுகாப்பாகாது. நூற்றுக்கணக்கானோரின் உயிருக்குப் பொறுப்பான ஒருவர் தமது களைப்பை அச்சமின்றி எடுத்துரைக்க இயலாவிடின், அதன் விளைவு பயணிகளையும் சாரும் என்பதை நாம் மறத்தலாகாது.