சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

செலாயாங்கில் உள்ள ஒரு வீட்டிற்கு விடியற்காலையில் சென்னையிலிருந்து அழைப்பு வருகிறது. பெரியம்மா காலமாகிவிட்டார், மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அன்று காலை 10.00 மணி விமானத்தில் இடம் இருக்கிறது. சென்னையைச் சென்றடையும் நேரம் 11.30 எனப் பயணச்சீட்டு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமா?

முடியாது. புறப்படும் நேரம் மலேசிய நேரம். சென்றடையும் நேரம் இந்திய நேரம். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. விமானம் தரையிறங்கும்போது செலாயாங்கில் பிற்பகல் 2.00 மணி ஆகியிருக்கும். ஆகவே, பயண நேரம் நான்கு மணி.

இந்த இரண்டரை மணி நேரம் சற்று விந்தையானது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 21.5 பாகைதான். சூரியனை மட்டும் கணக்கிட்டால் வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தைக்கூட எட்டாது. ஆனால், நாடுகள் தம் வசதிக்கேற்பவே நேரத்தை வகுத்துக்கொள்கின்றன. சபா, சரவாக் நேரத்தோடு இணைவதற்காகத் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதற்கு முன் இந்தியாவுடனான வேறுபாடு இரண்டு மணி நேரமே. நீங்கள் பள்ளிக்குப் புறப்படும்போது வெளியே இன்னும் இருட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

செப்பாங்கில் உள்ள விமான நிலையத்திலிருந்து சென்னை வான்வழியே சுமார் 2,600 கிலோமீட்டர். உயரத்தில் விமானம் மணிக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவே வருகிறது. மீதி நேரம், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதிலும் மெதுவாக மேலேறி இறங்குவதிலும் தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பதிலும் போய்விடுகிறது. எதிர்க்காற்று வீசினால் இன்னும் கூடும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நிலைமை வேறு. செலாயாங்கிலிருந்து செப்பாங் செல்லவே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். பயணப் பதிவு, குடிநுழைவுச் சோதனை ஆகியவற்றுக்காக மூன்று மணி நேரம் முன்னதாக அங்கு இருப்பது நல்லது. எனவே, காலை ஆறு மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சென்னை விமான நிலையத்தைவிட்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆனாலும் அங்கே பகல் 12.30தான். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

முன்பு இது நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ போன்ற கப்பல்கள் ஓடிய காலத்தில் இப்பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. தந்தி கண்டு கப்பலேறியவர்கள் கருமக்கிரியைக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது.

இன்றும் ஒரு தடை உண்டு. இந்தியாவுக்குச் செல்ல மலேசியர்களுக்கு விசா தேவை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், அது அன்றே கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே வயதான உறவினர் உள்ள வீடுகளில் கடப்பிதழையும் விசாவையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது இதனால்தான்.