ஊரையே தோண்டி எடுத்த இரும்பு... ஸ்பெயினின் பிஸ்காயா மீண்டது எப்படி?

ஸ்பெயினின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் பாஸ்க் மாகாணம் பிஸ்காயா. தலைநகர் பில்பாவ். மலையும் மழையும் அதிகம், சமவெளி குறைவு. பரப்பளவு சுமார் 2,200 சதுர கி.மீ.தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டன் உருக்காலைகளுக்குக் கப்பல் கப்பலாகத் தாது போனது இங்கிருந்துதான்.

அப்படி என்ன இருந்துச்சு?

பாஸ்பரஸ் குறைவான இரும்புத்தாது. 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் கொண்டுவந்த முறையில், தாதுவில் பாஸ்பரஸ் அதிகமிருந்தால் உருக்கு எளிதில் உடையும். பிஸ்காயாவிலோ நல்ல தாது மேலாகவே கிடைத்தது. பக்கத்திலேயே நெர்வியோன் ஆறு, துறைமுகம். தோண்டு, ஏற்று, அனுப்பு... அவ்ளோதான். தாது கொண்டுபோன கப்பல்கள் திரும்பும்போது நிலக்கரியோடு வந்தன. உள்ளூரிலேயே உருக்காலைகள் எழுந்தன. 1902இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 'ஆல்டோஸ் ஓர்னோஸ்' என்ற பெரிய உருக்கு நிறுவனம் உருவானது.

லாபம் முதலாளிகளுக்கு. தொழிலாளிக்கு நெரிசலான கொட்டகை. சாமான்களையும் கம்பெனி சார்ந்த கடையில்தான் வாங்கணும். 1890இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதை எதிர்த்துத்தான்.

கம்யூனிஸ்ட் தலைவர் டொலோரெஸ் இபாருரி 1895இல் பிறந்த கயார்த்தா ஒரு சுரங்க ஊர். பின்னாளில் ஊருக்கு அடியிலேயே தாது இருந்ததால், பழைய ஊரை இடித்து, மக்களைப் பக்கத்தில் குடியேற்றினார்கள். 1993இல் சுரங்கமும் மூடப்பட்டது. மிஞ்சியது ராட்சதப் பள்ளம்.

வரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1878 முதல் பிஸ்காயா தன் வரியைத் தானே வசூலித்து, மாட்ரிட்டுக்கு ஒரு பங்கைக் கொடுத்துவந்தது. உள்நாட்டுப் போரில், 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் இங்குள்ள குவர்னிகா நகரைக் குண்டு வீசி அழித்தன. பிக்காசோ ஓவியமாக்கிய அதே குவர்னிகாதான். ஜூனில் பில்பாவ் வீழ்ந்ததும், எதிர்த்து நின்றதற்குத் தண்டனையாக ஃபிராங்கோ அந்த வரி உரிமையைப் பறித்தார். திரும்பக் கிடைத்தது 1981இல்.

கிடைத்த நேரம் சோதனையான நேரம். 1983இல் பெருவெள்ளம். 1988இல் எயுஸ்கால்துனா கப்பல் கட்டும் தளம் மூடல். 1996இல் உருக்காலையும் காலி.

1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் பில்பாவைக் காப்பாற்றியது என்பார்கள். பாதி உண்மைதான். சாக்கடையாகக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மெட்ரோ 1995இலேயே ஓடியது. துறைமுகம் நகரைவிட்டுக் கடல்முகத்துக்கு நகர்ந்தது. அருங்காட்சியகச் செலவையும் பாஸ்க் அரசும் மாகாண நிர்வாகமுமே ஏற்றன. வரிப்பணம் கையில் இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

எல்லோருக்கும் விடிந்துவிடவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடது கரையில் மீட்சி மெதுவாகத்தான் வந்தது. அங்கே செஸ்தாவ் நகரில் ஒரே ஒரு ஊதுலை மட்டும் நினைவுச்சின்னமாக இன்னும் நிற்கிறது.