சம்மன் கையில் வந்த பிறகு: கம்பவுண்டா, நீதிமன்றமா?

"சம்மன் வந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது எந்தச் சம்மன் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை. சாலையோரத்தில் போலீஸ்காரர் கொடுத்த தாளும் சம்மன்தான். கேமரா பிடித்த படத்தைக் காட்டி வீட்டுக்கு வரும் கடிதமும் சம்மன்தான். குறிப்பிட்ட நாளில் நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று சொல்லும் ஆணையும் சம்மன்தான். பேச்சு வழக்கில் மூன்றுக்கும் ஒரே பெயர். சட்டத்தின் பார்வையிலோ மூன்றும் வெவ்வேறு. இந்த வேற்றுமை தெரியாததால்தான் 150 ரிங்கிட்டில் முடிய வேண்டிய விவகாரம் சிலருக்குப் பிடியாணை வரை போய்விடுகிறது.

மலேசியாவில் இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் 53ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியோ சாலைப் போக்குவரத்துத் துறை (ஜே.பி.ஜே.) அதிகாரியோ முதலில் நீதிமன்றத்துக்குப் போய் சம்மன் வாங்கி வரவேண்டிய அவசியமில்லாமல், குற்றம் செய்ததாகக் கருதப்படும் ஆளுக்கு நேராகவே ஓர் அறிவிப்பைக் கொடுக்க இடமளிக்கிறது. 'இந்த நாளில் இந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முன்னிலையாகுங்கள்' என்பதே அந்த அறிவிப்பு. 120ஆவது பிரிவு கம்பவுண்டுக்கானது. குறிப்பிட்ட சில குற்றங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமலேயே, 300 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவிட அது வழி செய்கிறது.

கம்பவுண்டு என்பது தண்டனை அல்ல. 'இந்தத் தொகையைக் கட்டிவிட்டால் உம்மேல் வழக்குத் தொடர மாட்டோம்' என்று அரசாங்கத் தரப்பு முன்வைக்கும் ஓர் ஏற்பாடு அது. ஏற்றுக்கொள்ளவும் மறுக்கவும் வாகனமோட்டிக்கு உரிமை உண்டு. ஏற்றுக்கொண்டு கட்டினால் விவகாரம் அத்தோடு முடிந்தது; நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததாக ஆகாது. மறுத்தால் வழக்கு நீதிமன்றம் போகும். ஏற்கவும் இல்லாமல் மறுக்கவும் இல்லாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைப்பது மூன்றாவது வழி. நம்மவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

அப்படி ஒரு பழக்கம் வந்ததற்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகளாகவே அவ்வப்போது தள்ளுபடி அறிவிக்கப்பட்டு வந்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்த அரசாங்க நிகழ்ச்சி ஒன்றில் போக்குவரத்துச் சம்மன்களுக்கு 80 விழுக்காடு வரை கழிவு கொடுக்கப்பட்டது. கொரோனா காலம் என்றும் பாராமல் மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். கேமரா சம்மன்களின் கதை இன்னும் விநோதமானது. ஏ.இ.எஸ். என்ற தானியங்கி அமலாக்க முறை 2012 செப்டம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரிலேயே, சட்டச் சிக்கல்களை ஆராய வேண்டும் என்று கூறி சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்த வழக்குகளை நிறுத்தி வைத்தது. 2018 ஆகஸ்டில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், கட்டப்படாமல் கிடந்த 31 லட்சம் ஏ.இ.எஸ். சம்மன்கள் ரத்து செய்யப்படுவதாக அறிவித்தார். அவற்றின் மதிப்பு 43 கோடியே 50 லட்சம் ரிங்கிட். நேரத்தோடு கட்டியவர் ஏமாந்தார். கட்டாமல் இருந்தவர் தப்பித்தார். பொறுத்தார் பூமியாள்வார் என்ற பழமொழியைச் சம்மன் விஷயத்திலும் பொருத்திப் பார்க்க மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் நோக்கத்தோடு வந்ததுதான் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறை. போலீஸ், ஜே.பி.ஜே. இரண்டுக்கும் ஒரே விதி. அறிவிப்பு கிடைத்த முதல் 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு கழிவு. 31ஆம் நாளிலிருந்து 60ஆம் நாள் வரை முழுத் தொகை. 60 நாளும் கடந்துவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். அதாவது 300 ரிங்கிட் கம்பவுண்டு முதல் இரண்டு வாரத்தில் 150 ரிங்கிட்; ஒரு மாதத்துக்குள் சுமார் 200; இரண்டு மாதத்துக்குள் 300. பழைய சம்மன் வைத்திருந்தவர்களுக்கு 2025இன் கடைசி இரண்டு மாதங்களில் பாதித் தொகைச் சலுகை தரப்பட்டது. முன்பு தாமதித்தவருக்குக் கிடைத்த சலுகை இப்போது முந்திக்கொள்பவருக்குக் கிடைக்கிறது.

நீதிமன்றம் போனால் என்ன ஆகும்? வேக வரம்பை மீறியதற்கான 40ஆவது பிரிவும், சிவப்பு விளக்கு போன்ற போக்குவரத்துச் சைகைகளை மீறியதற்கான 79(2)ஆவது பிரிவும் விதிக்கும் அபராதம் 300 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 2,000 ரிங்கிட் வரை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பவுண்டின் உச்ச வரம்பு எதுவோ, அதுவே நீதிமன்ற அபராதத்தின் தொடக்கம். குற்றம் செய்தது உண்மை என்று தெரிந்த ஒருவர், மாஜிஸ்திரேட்டிடம் கெஞ்சிக் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் கைக்காசுதான் நட்டம்.

நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கு விசாரிக்கப்படுவதற்காகக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. செலவு வேறு வழியில் வருகிறது. குற்றம் எந்த இடத்தில் நடந்ததோ அந்த வட்டாரத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சுங்கை பட்டாணியில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஜொகூரில் சம்மன் வாங்கியிருந்தால், ஜொகூருக்குத்தான் போக வேண்டும். டோல், எண்ணெய், ஒருநாள் சம்பளம். வழக்கு தள்ளிப்போனால் மறுபடியும் அதே செலவு. வழக்கறிஞரை அமர்த்தினால் அது தனி.

ஆனால் குற்றம் செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர், செலவுக்குப் பயந்து கட்டிவிட வேண்டும் என்பதில்லை. முதலில் சம்பந்தப்பட்ட போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்கோ ஜே.பி.ஜே.க்கோ எழுத்து மூலம் விளக்கம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாகன எண் தவறாகப் பதிவாகியிருக்கலாம். அந்த நேரத்தில் வண்டி பட்டறையில் இருந்திருக்கலாம். அது பலிக்காமல் வழக்கு நீதிமன்றம் போனால் விசாரணை கோரலாம். அப்போது குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத் தரப்பினுடையது. வேகத்தை எந்தக் கருவி அளந்தது, அந்தக் கருவி முறைப்படி சோதிக்கப்பட்டதா, படத்தில் எண் பட்டை தெளிவாகத் தெரிகிறதா என்றெல்லாம் கேட்க இடமுண்டு. குற்றச்சாட்டு மலாய் மொழியில் வாசிக்கப்படும். மலாய் சரியாகப் புரியாதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்கக் கூடாது. புரியாமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து 'நான் ஒத்துக்கொள்ளவில்லையே' என்று சொல்வதால் பயனில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர், அபராதத்தை ஒரே தடவையில் கட்ட முடியாத நிலையில் இருந்தால், அவகாசமோ தவணையோ கேட்கலாம். அதை அனுமதிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்காமலும் கட்டாமலும் விட்டால் அபராதத்துக்குப் பதில் சிறை.

எல்லாவற்றிலும் மோசமானது குறித்த நாளில் போகாமலிருப்பது. வேகமாகப் போனதா இல்லையா என்பது அப்போது இரண்டாம் பட்சமாகிவிடும். நீதிமன்ற ஆணையை மதிக்கவில்லை என்பதே முதல் பிரச்சினை. மாஜிஸ்திரேட் பிடியாணை பிறப்பிக்கலாம். அப்படிப் பிடியாணை நிலுவையில் உள்ளவர்களைத் தேடிப் போலீஸ் நடத்தும் நடவடிக்கைக்கு 'ஓப்ஸ் வார்த்தா' என்று பெயர். வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்ற பிறகுதான், என்றோ ஒரு நாள் மறந்துபோன சம்மன் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னது வாகனத்தை ஓட்டியவருக்கு. ஓட்டாதவரின் தலையில் விழும் சம்மன்தான் குடும்பங்களில் அதிக மனக்கசப்பை உண்டாக்குகிறது. சாலையில் நேராகத் தடுத்து நிறுத்தி போலீஸ் கொடுப்பது 'போல் 257' பாரம். அங்கே ஓட்டியவர் யார் என்பதில் ஐயமில்லை. கேமராவோ, ஒதுங்கி நின்று எண்ணைக் குறித்துக்கொண்ட போலீஸ்காரரோ ஓட்டியவரைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. எனவே வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வீட்டுக்கு 'போல் 170ஏ' போகிறது. மக்கள் 'சமான் எக்கோர்' என்று சொல்லும் வால் சம்மன் இதுதான்.

இந்த அறிவிப்பு கேட்பது முதலில் பணத்தை அல்ல, தகவலை. அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார், அவர் முகவரி என்ன என்று 115ஆவது பிரிவின் கீழ் கேட்கப்படுகிறது. ஏழு நாளுக்குள் உரிமையாளர் பதில் தரவேண்டும். தகவல் தராமலிருப்பதே தனிக் குற்றம். இந்த ஏழு நாள் விஷயம் பலருக்குத் தெரியாது. மகன் ஓட்டினான், தம்பி எடுத்துக்கொண்டு போனான், கம்பெனி வேன், அன்று யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை என்றெல்லாம் பிறகு சொல்லுவதைவிட, கடிதம் வந்தவுடன் எழுதிக் கொடுப்பதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு. கம்பெனி வாகனங்களுக்கு யார், எப்போது எடுத்தார் என்று ஒரு சிறிய கணக்குப் புத்தகம் வைத்திருந்தாலே போதும்.

நம் சமூகத்தில் இரண்டு பழக்கங்கள் இதில் அடிக்கடி தலைவலி தருகின்றன. ஒன்று, பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை ரொக்கத்துக்கு விற்றுவிட்டுப் பெயர் மாற்றம் செய்யாமல் விடுவது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு. சம்மன் மட்டும் முதல்வர் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கும். மற்றொன்று 'சம்போங் பாயார்'. மாதத் தவணை கட்ட முடியாத காரை, மீதித் தவணையை நீ கட்டிக்கொள் என்று தெரிந்தவரிடமோ தெரியாதவரிடமோ ஒப்படைப்பது. வங்கிக் கடனும் பழைய உரிமையாளர் பெயரில், பதிவும் அவர் பெயரில். புதியவர் தவணையையும் நிறுத்திவிட்டு, கேமராவின் கீழே பறந்துகொண்டும் இருந்தால், வங்கியின் கடிதமும் சம்மன்களும் ஒரே வாரத்தில் வந்து சேரும். 'நான் ஓட்டவில்லை' என்று சொல்ல உரிமையாளருக்கு வழி உண்டு. ஆனால் ஓட்டியவரின் பெயரும் முகவரியும் கையில் இல்லாவிட்டால் அந்த வாய்வார்த்தை எடுபடுவது கடினம்.

சம்மனைக் கட்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அது கெஜாரா என்ற குற்றப்புள்ளி முறை. 2017 ஏப்ரல் 15இல் நடப்புக்கு வந்தபோது சிவப்பு விளக்கை மீறியதற்கு 4 புள்ளிகள் என்று வைக்கப்பட்டது. புள்ளிகள் ஏறிக்கொண்டே போனால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும். ஆனால் கம்பவுண்டைக் கட்டிய பிறகோ, நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமான பிறகோதான் புள்ளி பதிவாகும் என்பது அப்போதைய விதி. ஆகவே கட்டாமலிருந்தால் புள்ளியும் ஏறாது என்று சிலர் கணக்குப் போட்டார்கள். லாரி, பேருந்து ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு உரிமம்தான் சோறு. அவர்களின் அச்சம் புரியாததல்ல. ஆயினும் 60 நாளில் நீதிமன்றம் என்றாகிவிட்ட பிறகு, இந்தக் கணக்கு புள்ளியைத் தள்ளிப்போடுமே தவிர தவிர்க்காது. அபராதம் வேறு கூடிவிடும்.

சிங்கப்பூர் வாகனங்களில் ஜொகூர் பாரு வந்து போகிறவர்களுக்கும் இது தொடர்பில்லாத செய்தி அல்ல. வி.இ.பி. என்ற வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் கம்பவுண்டு விதிக்கப்படுகிறது. அதைக் கட்டிவிட்டுத்தான் எல்லையைத் தாண்ட வேண்டும்.

நிலுவை இருக்கிறதா என்று பார்க்க இப்போது முகப்பில் வரிசை பிடிக்கத் தேவையில்லை. போலீஸ் சம்மனை 'மை பாயார் பி.டி.ஆர்.எம்.' செயலியிலும், ஜே.பி.ஜே. விவகாரங்களை 'மை ஜே.பி.ஜே.' செயலியிலும் பார்த்துக்கொள்ளலாம். 'உங்களுக்குச் சம்மன் இருக்கிறது, இந்த இணைப்பை அழுத்திக் கட்டுங்கள்' என்று கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அழுத்தினால் வங்கிக் கணக்கே காலியாகலாம். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி தடுப்பு மைய எண்ணுக்கு அழைக்க வேண்டும்.