சர்நேம் காலியாக இருந்தால் ஆளையே விட்டுவிடும் நிரல்

தமிழர்களில் பலருக்குக் குடும்பப்பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். படிவத்தில் 'சர்நேம்' கட்டம் காலியாகவே இருக்கும். நிரல் எழுதப் பழகுவோருக்கு அந்தக் கட்டம் கிளப்பும் சந்தேகங்கள் சில:

சந்தேகம்: பட்டியலில் ஐந்து பேர். சர்நேம் 'டிசோசா' உள்ளவர்களைக் கேட்டால் இரண்டு பேர் வருகிறார்கள். டிசோசா அல்லாதவர்களைக் கேட்டால் ஒருவர்தான் வருகிறார். மீதி இரண்டு பேர் எங்கே?

விளக்கம்: அந்த இருவருக்கும் சர்நேம் காலி. எஸ்கியூஎல் தரவுத்தளம் காலி இடத்தை 'நல்' என்று குறித்து, 'மதிப்பு தெரியாது' என்று எடுத்துக்கொள்கிறது. தெரியாத பெயர் டிசோசாவா என்றால் விடை 'தெரியாது'. டிசோசா அல்லவா என்றாலும் அதே விடைதான். நிபந்தனை 'உண்மை' ஆனால் மட்டுமே வரி வெளியே வரும் என்பதால், இருவரும் இரண்டு பட்டியலிலும் விடுபடுகிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை. இதுவே உதவித்தொகைப் பட்டியலாக இருந்தால், பணம் ஏன் வரவில்லை என்று அந்தக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்?

'நல்'லும் 'நல்'லும் சமமா என்று கேட்டாலும் 'உண்மை' வராது. காலியா என்பதை 'இஸ் நல்' என்று தனியாகத்தான் கேட்க வேண்டும். 'சர்நேம் டிசோசா அல்ல, அல்லது சர்நேம் இஸ் நல்' என்று எழுதுங்கள். மூவரும் வந்துவிடுவார்கள்.

சந்தேகம்: சிலரை விலக்க 'நாட் இன்' போட்டேன். ஒருவருமே வரவில்லையே?

விளக்கம்: விலக்க வேண்டியவர்களின் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் இப்படி ஆகும். முதலில் அதை நீக்குங்கள், அல்லது 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பயன்படுத்துங்கள்.

சந்தேகம்: எல்லா மொழியிலும் இதே விதிதானா?

விளக்கம்: இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் 'நல்' பூஜ்யத்துக்குச் சமமல்ல, பூஜ்யத்தைவிடப் பெரிதுமல்ல. ஆனால் 'பெரிது அல்லது சமமா' என்று கேட்டால் ஆம் என்கிறது! ஆரக்கிளில் ஓர் எழுத்துகூட இல்லாத வெற்றுச் சொல்லும் 'நல்'தான். 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக 'நல்' சுட்டியைக் கொண்டுவந்த டோனி ஹோர், அது நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் தாமே வருந்தினார்.

சந்தேகம்: வம்பே வேண்டாம், காலிக் கட்டத்தில் ஒரு புள்ளியோ 'நல்' என்ற சொல்லோ போட்டுவிடலாமா?

விளக்கம்: கூடாது. கலிபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு 'நல்' என்றே நம்பர் பிளேட் வாங்கினார். நம்பர் பதிவாகாத பிற வண்டிகளின் அபராதமெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து குவிந்தது. பெயர் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காது என்று இந்திய விமான நிறுவனங்கள் அறிவித்தன. நம் பெயர் வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மாற வேண்டியது படிவமும் அதன் பின்னால் ஓடும் நிரலும்தான்.

சோதனைத் தரவில் சர்நேம் இல்லாத பெயர் ஒன்றையாவது முதலிலேயே சேருங்கள். சமமானவர், சமமல்லாதவர், காலியாக உள்ளவர் ஆகிய மூன்று எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று பாருங்கள்.