வாசலை இழந்த லினக்ஸ்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே ஸ்தாபித்து, வேண்டியதைத் திறந்து உபயோகித்துவந்த ஒருவர், விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவிய பிறகு, லினக்ஸ் அடியோடு அழிந்துவிட்டதென்று துக்கப்படுவது சர்வசாதாரணமான காட்சி. வட்டின் பிரிவுகளில் கைவைக்காத வரையில் உண்மையில் எதுவும் அழிவதில்லை. எதைத் துவக்குவது என்று வாசலிலேயே நம்மைக் கேட்கும் க்ரப் என்ற சிறு நிரல்தான் தன் ஸ்தானத்தை இழந்திருக்கிறது. பழைய முறைக் கணினிகளில், வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள், வெறும் 446 பைட்டு இடத்தில் அதன் ஆரம்பத் துண்டு வசிக்கும்; அங்கே யார் இருக்கிறார்களென்று விசாரிக்கும் மரியாதைகூட இல்லாமல், விண்டோஸ் தன்னுடையதை அதன்மேல் எழுதிவிடும். யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறைக் கணினிகளிலோ, க்ரப்பின் கோப்பு தனிப் பிரிவில் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்க, துவக்க வரிசையில் மட்டும் விண்டோஸ் முன்னே வந்து நின்றுகொள்கிறது; ஆகையால் அமைப்புத் திரையில் வரிசையை மாற்றினாலே காரியம் முடிந்துவிடலாம்.

முடியாவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, வட்டிலுள்ள பழைய லினக்ஸ் பிரிவை இணைத்து, அதற்குள் பிரவேசித்து, 'க்ரப்-இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு க்ரப்பின் துவக்கப் பட்டியலைப் புதுப்பித்தும் அதில் விண்டோஸின் பெயர் தோன்றாவிட்டால் பதற வேண்டியதில்லை: 2021-ல் வெளியான க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-ப்ரோபர்' இயல்பாகவே முடக்கப்பட்டிருப்பதால், அமைப்புக் கோப்பில் அதற்கு அனுமதி எழுதிவிட்டு மறுபடியும் புதுப்பித்தால் போதும்.