இறை இரக்கமும் ஆன்மிகப் புதுவாழ்வும்



"இறை இரக்கம் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு, "கடவுள் நமது பாவங்களை மன்னித்தல்" எனப் பலர் ஒரே வரியில் விடை எழுதிவிடுகின்றனர். இவ்விடை தவறானதன்று, ஆனால் பாதி விடையே ஆகும். கடவுளிடம் பெற்ற இரக்கத்தைப் பிறருக்கும் வழங்கும்போதுதான் ஆன்மிகப் புதுவாழ்வு முழுமை பெறுகின்றது. இவ்விரு பகுதிகளையும் இங்கு நோக்குவோம்.

1. இரக்கத்தைப் பெறுதல்

நெடுங்கேணிப் பகுதியில் இடப்பெயர்வின் பின் மீளக்குடியமர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பற்றை மண்டிக் கிடந்த வளவில், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதைப் பற்றிச் சொல்வார்கள். ஊற்று வற்றிப்போகவில்லை, சருகும் சேறுமே அதை மூடியிருந்தன. அவற்றை அகற்றியதும் நல்ல நீர் ஊறியது.

கடவுளின் இரக்கமும் வற்றாத ஊற்றுப் போன்றது. ஊதாரி மைந்தன் உவமையில் (லூக்கா 15:11-32) மகன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டு, ஓடிச்சென்று கட்டித் தழுவுகின்றார். மகன் திரும்பிய பின்னர் தொடங்கிய அன்பல்ல அது. அவன் பிரிந்திருந்த நாளெல்லாம் காத்திருந்த அன்பு. அந்த அன்புக்குத் தடையாக உள்ளவற்றை அகற்றுவதே மனமாற்றம்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நம் பங்கு மூன்றாகும்: பாவத்துக்காக மனம் வருந்துதல், பாவ அறிக்கை செய்தல், பரிகாரம் செய்தல். குருவானவர் வழியாக இறைவன் மன்னிப்பு அருள்கின்றார். உயிர்த்த இயேசு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடருக்கு வழங்கிய பகுதி (யோவான் 20:19-23) இறை இரக்க ஞாயிறன்று வாசிக்கப்படுகின்றது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி, போலந்து நாட்டுத் துறவி பவுஸ்தீனாவைப் புனிதராக உயர்த்திய வேளையில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறை இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார்.

2. இரக்கத்தை வழங்குதல்

பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாள், தனக்குச் சிறு தொகை தரவேண்டிய உடன் பணியாளனைச் சிறையில் அடைத்தான் (மத்தேயு 18:21-35). மன்னிப்பு அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அவன் உள்ளத்தை அது மாற்றவில்லை.

இதற்கு நேர்மாறான முன்மாதிரியை நமது நாட்டின் வரலாற்றிலேயே காண்கின்றோம். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர் புனித யோசேவாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அந்நகரில் பெரியம்மை பரவியது. பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ சமய வேறுபாடு பாராது அவர்களைப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். தம்மைச் சிறைவைத்த நகருக்கே இரக்கம் காட்டினார் என்பதைக் கவனியுங்கள். நோயுற்றோரைச் சந்தித்தலும் இறந்தோரை அடக்கம் செய்தலும் உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் அடங்கும்.

3. மன்னிப்பும் நீதியும்

"எமது குடும்பத்துக்குத் தீங்கு செய்தவரை எப்படி மன்னிப்பது?" போரைக் கண்ட வன்னி மண்ணில் இது நியாயமான கேள்வி. மன்னிப்பு என்பது நடந்த தீமையை இல்லையென்பதன்று. உண்மையையும் நீதியையும் கேட்காது விடுவதுமன்று. பழிவாங்கும் எண்ணம் நம்மை ஆள இடமளியாமையே மன்னிப்பின் தொடக்கம்.

1981 மே 13ஆம் திகதி தம்மைச் சுட்டவனை இரண்டாம் யோவான் பவுல் மன்னித்தார். 1983இல் சிறைக்கே சென்று அவனைச் சந்தித்தார். எனினும் அவன் 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில் தண்டனை அனுபவித்தான். இங்கு இரக்கமும் நீதியும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி, போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், சிங்களக் குடும்பங்கள் கூடியிருந்த மடுத் திருத்தலத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்பைக் கடினமான முயற்சி என்றே குறிப்பிட்டார். ஆகவே, மன்னிக்க இயலவில்லையே எனத் தவிப்பவர் விசுவாசம் அற்றவர் அல்லர். அந்தத் தவிப்பையே செபமாக இறைவனிடம் ஒப்படைக்கலாம்.

மாதிரி வினா

"இரக்கத்தைப் பெறுதல், இரக்கத்தை வழங்குதல் ஆகிய இரண்டும் இணைந்ததே ஆன்மிகப் புதுவாழ்வு." விளக்குக.

விடைக்கான குறிப்பு: இரு உவமைகளையும் ஒப்பிடுக, ஒப்புரவு அருட்சாதனத்தில் நமது பங்கைக் குறிப்பிடுக, புனித யோசேவாஸின் பணியை எடுத்துக்காட்டுக. இறுதியில் உமது வாழ்விலிருந்து ஓர் உதாரணம் தருக. பேசாது விலகியிருக்கும் நண்பனிடம் நீரே முதலில் சென்று பேசுவதும் நல்ல உதாரணமே. பரீட்சைக்கு முன் அதைச் செய்து பார்த்துவிட்டால், எழுதும் விடை உமது சொந்த விடையாக இருக்கும்.